முகம் காட்டாத மொச்சை

அந்தக் காலத்தில், செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த காலத்தில், ஆற்றங்கரையில் கொழுஞ்சிப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. விடிந்ததும் வரப்பில் கால் வைத்தால் போதும், பேச்சுச் சத்தம் காதைப் பிளக்கும். கத்தரிக்கு எப்போதும் ஒரு குறை இருக்கும். "வெண்டைக்கு முந்திப் பாச்சிட்டு எனக்கு மிச்சத்தை ஊத்துறான் பாரு" என்று முணுமுணுக்கும். எள்ளுச்செடி சரியான வாயாடி. சோளம் உயரமாக நிற்பதால் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அதற்குத் தெரியும். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப் போயிருந்தார்கள்.

அந்த ஊரில் சாவும் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. செடி விதையாகி மண்ணுக்குள் போய், மறுபடி முளைத்து வருகிறதல்லவா? மனிதர்களும் அப்படித்தான் வந்தார்கள்.

ஒருவருக்கு உயிர் பிரிகிற நேரத்தில் நாக்குக்கு அடியில் ஒரு மொச்சை விதையை வைப்பார்கள். உடம்பு சில்லிட்டுப் போகிறவரை விதை அங்கேயே இருக்கும். பிறகு அதை எடுத்துக்கொண்டு உடம்பை இடுகாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விதை முளைவீட்டுக்குப் போகும். முளைவீடு என்பது ஊர்க்கோடியில் ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. மண்சுவர், ஓலைக்கூரை. அங்கே ஒரு மண்சட்டியில் செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பி, விதையை ஊன்றி, மேலே வைக்கோல் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஒன்பது நாள் அந்தச் சட்டியை யாரும் பார்க்கக் கூடாது. பத்து விரலில் ஒரு விரல்கூட மண்ணைக் கிளறக் கூடாது. காவல்காரி ஒருத்தி மட்டும் தினமும் உச்சிப்பொழுதில் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது கதவைத் திறந்தால் வெயில் சாய்ந்து உள்ளே விழாது, அதனால்தான் அந்த நேரம். அப்போதும் அவள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒன்பதாம் நாள் விடியும்போது முளை தலை நிமிர்ந்து நிற்கும். கட்டைவிரல் நகம் அளவுதான் தலை. ஆனால் அதில் போனவருடைய முகம் இருக்கும். அதை வெயிலில் கொண்டுவந்து வைத்தால் பச்சை பிடிக்கும், இலை விடும், பந்தலில் கொடி ஏறும், பூக்கும், காய்க்கும். காய் முற்றி வெடிக்கிற அன்று கொடி காய்ந்து சருகாகிவிடும். அந்தச் சருகுக்கு அடியில், இப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி, போனவர் உட்கார்ந்திருப்பார்.

அப்படித் திரும்பி வந்தவர்களிடம் ஒரு மாதத்துக்கு மொச்சைப்பூ வாசனை அடிக்கும். நகக்கண்ணில் பச்சை தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பக்கம் திரும்பிவிடுவார்கள். காலையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தவர் மாலையில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார். தாம் திரும்பியதே அவருக்குத் தெரியாது. அதை யாரும் அவரிடம் சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

எல்லோரும் இப்படி வந்துகொண்டே இருந்தால் ஊர் தாங்குமா என்று கேட்பீர்கள். வயதானவர்கள் பாடுபட்டது போதும் என்று கடைசி நேரத்தில் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். விதை வைக்கவே விடமாட்டார்கள். வாழ ஆசை உள்ளவர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. போனவருடைய சொந்தக்காரர்கள் அந்த ஒன்பது நாளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தங்கிவிட வேண்டும். காவலுக்குப் பக்கத்து ஊர்க்காரி வருவாள். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. வழக்கம் என்றார்கள், செய்தார்கள்.

கொழுஞ்சிப்பட்டியின் காவல்காரி பெயர் ஒச்சாயி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவள் காவலுக்குப் போவாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையில் ஒரு முளைகூடச் சோடை போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்காதா பின்னே? அவள் தண்ணீர் தெளித்த சட்டிகள் எல்லாம் ஒன்பது நாளும் கல்மாதிரி மௌனமாக இருந்தன. முளைக்கும் முன் விதைக்கு வாய் கிடையாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள், ராக்கு. ஏழு வயது. கை சும்மா இருக்காத பிள்ளை. புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, அவரை என்று எது கையில் கிடைத்தாலும் வாசலில் புதைத்துவிடுவாள். மறுநாள் காலையில் முகம்கூடக் கழுவாமல் போய்த் தோண்டிப் பார்ப்பாள். முளைக்கவில்லை என்றால் மறுபடி புதைத்து, மறுபடி தோண்டுவாள். ஒச்சாயி அவள் கையைத் தட்டிவிடுவாள்.

"தோண்டாதடி. பாத்தா அது முளைக்காது."

"ஏம்மா?"

"பாதி உடுத்திக்கிட்டு இருக்கையில கதவைத் தொறந்தா உனக்குக் கூச்சமா இருக்காது? அதுக்கும் அப்படித்தான்."

"நீ பாக்கவே மாட்டியாம்மா?"

"நான் காவல்காரில்ல? பாக்க மாட்டேன்."

ராக்கு இதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எங்கம்மா பார்க்கவே மாட்டா என்று.

அந்த ராக்கு ஒரு சித்திரை மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒச்சாயி அழவில்லை. திரும்பி வரப்போகிற பிள்ளைக்கு எதற்கு அழ வேண்டும்? தன் கையாலேயே நல்ல மொச்சையாக ஒன்றைப் பொறுக்கி மகளின் நாக்குக்கு அடியில் வைத்தாள். அவள் கணவன் சடையன் துணிமணியை மூட்டை கட்டினான்.

"கிளம்பு, ஒச்சாயி. ஆத்தைத் தாண்டிருவோம். ஒம்பது நாளு ஓடிரும்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"பெத்தவ இருக்கக் கூடாதுல்ல?"

"பெத்தவதான் காவல்காரியும். ஊரு புள்ளைகளை எல்லாம் நான் காத்துக் குடுக்கல? எம்புள்ளைய இன்னொருத்தி கையில விட்டுட்டு, அந்தக் கரையில உக்காந்து நான் என்னத்தைப் பாக்கட்டும்?"

சடையனுக்கு மனைவியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனான். போகிற வழியில் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

பக்கத்து ஊர்க் காவல்காரி அங்கம்மா வந்து நின்றாள். கண்கட்டும் துணி இடுப்பில் இருந்தது. தண்ணீர்க் குடமும் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒச்சாயி வாசலை மறித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க அண்ணனுக்கு நீதானே காவல் இருந்த? அன்னைக்கு நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் போகலையா?" என்றாள் அங்கம்மா.

"உங்கண்ணன் வந்தாரா, இல்லையா?"

"வந்தாரு."

"அப்ப என் கைய நம்பு. நீ போயிட்டு வா, தங்கச்சி."

அங்கம்மா குடத்தை வாசலில் இறக்கி வைத்தாள். "சரி. ஆனா தண்ணி தெளிச்சதும் வெளிய வந்துரு. உள்ள மட்டும் உக்காராதக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. ஒச்சாயி கண்ணைக் கட்டிக்கொண்டு போனாள், கைநிறையத் தண்ணீர் அள்ளித் தெளித்தாள், வந்தாள். முளைவீட்டுக்கு வெளியே எள்ளுத்தோட்டம் வழக்கம்போல வம்பு பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பிக் கதவில் கை வைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒரு குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் தண்ணிம்மா."

பன்னிரண்டு வருஷத்தில் எந்தச் சட்டியும் அவளைக் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடும்? யார் வீட்டுப் பிள்ளைக்கோ அவள் யாரோ ஒருத்தி. இருட்டில் இருப்பவர்கள் தம்முடையவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காகத்தான் சொந்தக்காரர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். இது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன? வெளியே வர வேண்டிய கால் வரவில்லை. இன்னொரு கை தண்ணீர் தெளித்துவிட்டு, கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயாடி, ராக்கு?"

"ம். வயிறு முட்டக் குடிச்சிட்டேன். உடம்பெல்லாம் ஊதிப்போச்சும்மா. சட்டை இறுக்குது."

"கழட்டிரு, தாயி."

"கழட்ட வரல. ஒட்டிக்கிட்டு இருக்கு."

நாலாம் நாள் அந்தக் குரல் அவள் வருவதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தது. கதவுக்கு வெளியே நின்றபோதே கேட்டது. "சட்டை கிழிஞ்சுபோச்சு. அடிக்காதம்மா. தானாத்தான் கிழிஞ்சுது." ஏழு வயதுக் குரல்தான், ராக்குவின் குரல்தான். ஆனாலும் எங்கிருந்தோ தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள்: "எனக்குக் காலு வந்திருக்கு. ஒரே ஒரு காலு. வெள்ளையா, வழவழன்னு இருக்கு. அது எஞ் சொல் பேச்சே கேக்க மாட்டேங்குது."

"என்ன பண்ணுது, தாயி?"

"கீழயே போகுது."

கீழேயா? பிள்ளை மேலே அல்லவா வர வேண்டும்? அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. கண்ணைக் கட்டியபடியே சட்டிப் பக்கத்தில் கிடந்தாள்.

ஆறாம் நாள் குரல் இன்னும் மெலிந்திருந்தது. காதைச் சட்டியின் விளிம்பில் வைத்தால்தான் கேட்டது.

"அம்மா, கீழ ஒரு ஓட்டை இருக்கு. காலு அது வழியா வெளிய போயிருச்சு. அங்க நெறையப் பேரு இருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னையும் பிடிச்சுக்கிட்டாங்க."

"யாருடி அவங்க?"

ஒச்சாயி சட்டியைத் தடவித் தடவி அடியில் கையைவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் வடிய வைத்திருந்த ஓட்டை. அதன் வழியாக நூல்போல ஒன்று ஈரமாகத் தரைக்குள் இறங்கியிருந்தது. தொட்டதும் அது சிலிர்த்துக்கொண்டது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது சட்டி மண்ணிலிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டியது. அந்தக் காலத்தில் மண்புழுவுக்குக் கண் இருந்தது, கடுகளவில் இரண்டு. இருட்டிலும் பார்க்கிற கண். மண்ணுக்குள் நடப்பது முழுவதும் அதற்கு அத்துப்படி.

"ஏத்தா ஒச்சாயி, எதுக்கு இந்த நடுக்கம்? வேருதான் முதல்ல போகும். நிக்கிறதுக்கு ஒரு பிடிமானம் வேணும்ல? பிடிச்சு நின்னுட்டு அப்புறம் மேல வரும்."

"எம்புள்ளைய யாரோ கீழ இழுக்குறாங்க."

"யாரும் இழுக்கல. கத்தரி வேரு, எள்ளு வேரு, முளைவீட்டுக்குப் பின்னால இருக்கிற வேம்பு வேரு, எல்லாம் கைகோத்து நிக்குது. புதுசா வந்ததையும் சேத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். உள்ள முகம் செஞ்சுக்கிட்டு இருக்கா உம் மக. மூக்கு முடிஞ்சிருச்சு. இன்னும் மூணு நாளு பொறு."

"உனக்கென்ன தெரியும்? நீ புள்ள பெத்தவளா?"

"எத்தனை ஆயிரம் முளையப் பாத்திருப்பேன்!"

"மண்ணுக்குள்ள கிடக்குறதைத் தின்னு வயித்தை வளக்குற சாதி நீ. நல்லதா சொல்லுவ? எம்புள்ளையத் திங்கத்தானே இங்க வந்த?"

மண்புழுவுக்கு மனசு நொந்துவிட்டது. சரசரவென்று மண்ணுக்குள் போய்விட்டது. பயந்துபோன தாயிடம் நியாயம் பேசி என்ன பயன்? ஆனாலும் அது சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஏழாம் நாள் காலையிலிருந்து சட்டியில் சத்தமே இல்லை. "ராக்கு, ராக்கு" என்று ஒச்சாயி கூப்பிட்டுப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். முகம் செய்கிற வேலை என்றால் சும்மாவா? வாயைத் திறக்க நேரம் ஏது? மண்புழு சொன்னதை ஒச்சாயி நம்பினால்தானே? போய்விட்டாள், ஓட்டை வழியாகப் போயே போய்விட்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

உச்சிப்பொழுது வந்தது. காக்கைகூடக் கத்தாத நேரம். மனிதனின் நிழல் அவன் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற நேரம். வெளியே எள்ளுத்தோட்டம் மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒச்சாயி கண்கட்டை அவிழ்த்தாள். எழுந்து கூரையில் கையை விட்டு ஒரு பிடி ஓலையை உருவினாள். தலைக்கு நேரே நின்ற வெயில் அந்த ஓட்டை வழியாக நேராகக் கீழே இறங்கிச் சட்டியின்மேல் விழுந்தது. அவள் மண்டியிட்டு வைக்கோலை விலக்கினாள். பத்து விரலாலும் மண்ணைக் கிளறினாள்.

இருந்தாள். போகவே இல்லை.

வெளுத்த மஞ்சளில் ஒரு கழுத்து, சுண்டுவிரல் நீளம். அதன் மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு முகம். மூக்கு சடையனின் மூக்கு, நுனியில் கொஞ்சம் சப்பை. வாய் ராக்குவின் வாய், மேலுதட்டில் அந்த மச்சம்கூட இருந்தது. கண் மட்டும் இன்னும் வரவில்லை. கண் வர வேண்டிய இடத்தில் மொச்சைத் தோல் இரண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் பட்டதும் அந்த முகம் சுருங்கியது.

"சுடுது" என்றது அது. "யாரு? யாரு தொறந்தது?"

"அம்மாடி! அம்மாதான், எஞ் சாமி!"

முகம் இப்படியும் அப்படியும் அசைந்தது. பார்க்கக் கண் இல்லை. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மட்டும் உருண்டது.

"இல்ல" என்றது. "எங்கம்மா பாக்க மாட்டா."

"நான்தாண்டி, ராக்கு. உங்கம்மாதாண்டி."

"எங்கம்மா காவல்காரி. எல்லாரையும் காக்குறவ. எங்கம்மா பாக்கவே மாட்டா. நீ யாரோ. நீ எங்கம்மா மாதிரி பேசுற. போ! போயிரு!"

ஒச்சாயி விரலை நீட்டினாள், ஒரே ஒரு தரம் அந்தக் கன்னத்தைத் தொட. விரல் படுவதற்குள் அந்தக் கழுத்து வளைந்தது. வளைந்து, குனிந்து, முகத்தை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டது. பிடரி மட்டும் வெளியே தெரிந்தது. அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒச்சாயி மண்ணை அள்ளி அள்ளி மூடினாள். வைக்கோலைப் போட்டாள். உருவிய ஓலையைக் கூரையில் செருகினாள். செய்த காரியத்தை மூட அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் அவள் காதில் அது விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது, நின்றது என்று சொல்ல வேண்டும். முளைவீட்டுச் சுவரை ஒட்டியிருந்த எள்ளுச்செடிகள் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டன. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். அடுத்த பாத்தியில் கத்தரி ஏதோ குறை சொல்ல ஆரம்பித்து, இரண்டு வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டது. அதற்கடுத்து வெண்டை. அதற்கடுத்து சோளக்கொல்லை, வரிசை வரிசையாக. வேரோடு வேர் கைகோத்திருந்ததல்லவா? அந்தச் சின்ன வேரின் பயம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பாதி செய்த முகத்தை யாரோ பார்த்துவிட்டார்கள். அதுவும் காக்க வேண்டியவளே பார்த்துவிட்டாள். மேல் பாத்தியிலிருந்து கீழ்ப் பாத்திக்கு, தோட்டத்திலிருந்து ஆற்றங்கரைக்கு, கரையிலிருந்து ஆற்றின் அடி வழியாக அந்தக் கரைக்கு, பேச்சு அணைந்துகொண்டே போனது. காற்றே இல்லை. ஓர் இலைகூட ஆடவில்லை. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பச்சையாக நின்று, ஒரு வார்த்தை பேசாமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒச்சாயி முளைவீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கரையில் நாணலோடு பேசிக்கொண்டிருந்த சடையன், அதன் பேச்சு நடுவில் நின்றுபோனதும் எழுந்துவிட்டான். ஒன்பது நாள் முடியக் காத்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். ஒச்சாயி முளைவீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நகத்தில் எல்லாம் மண். அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவன் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"எப்படி இருந்தா?"

"உங்க மூக்கு" என்றாள் ஒச்சாயி. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்பதாம் நாள் விடிந்தது. இருவரும் கதவைத் திறந்தார்கள். முளை வந்திருந்தது. ஆனால் தலை நிமிர்ந்து வரவில்லை. கழுத்து மட்டும் கொக்கிபோல வளைந்து மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. தலை இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது. வெளியே யாராவது இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பதுபோல வெகுநேரம் அப்படியே நின்றது. சடையன் ஒச்சாயியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் திரும்பி வந்தபோது முளை தலையைத் தூக்கியிருந்தது.

அதில் முகம் இல்லை. தடித்த பருப்பு இரண்டாகப் பிளந்து விரிந்திருந்தது. நடுவில் இரண்டு இலைகள், முகத்தைப் பொத்திய இரண்டு கைகள் மாதிரி. அவ்வளவுதான்.

ஒச்சாயி அதை வெயிலில் வைத்தாள். மஞ்சள் மாறிப் பச்சை பிடித்தது. பருப்பு இரண்டும் தம்மிடம் இருந்ததையெல்லாம் செடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி உதிர்ந்தன. கொடி பந்தல் ஏறியது, பூத்தது, காய்த்தது. அவள் ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினாள், பேச்சுக் கொடுத்தாள். அது ஒரு வார்த்தை பேசவில்லை. சூரியன் போகிற பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டது. காய் முற்றி வெடித்த அன்று கொடி சருகானது. சருகுக்கு அடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உதிர்ந்த விதைகள் மட்டும் ஒரு கைப்பிடி கிடந்தன. ஒவ்வொரு விதையின் விளிம்பிலும் வெள்ளையாக ஒரு கோடு, இறுக மூடிய உதடு மாதிரி. அதற்கு முன்னால் மொச்சையில் அந்தக் கோடு கிடையாது.

அதற்குப் பின் யாருடைய நாக்குக்கு அடியில் வைத்த விதையிலும் முகம் வரவில்லை. செடிதான் வந்தது. விதைத்தால் முளைக்கிற வரம் செடிகொடிகளோடு நின்றுபோனது. அந்தச் செடிகொடிகளும் அதன்பின் மனிதர் காதுபட ஒரு வார்த்தை பேசவில்லை. மண்புழு அன்று பார்த்ததை மறக்க முடியாமல் தன் இரண்டு கண்ணையும் மண்ணுக்கே கொடுத்துவிட்டது. ஊர் ஒச்சாயியை ஏசியது. ஏசாமல் இருக்குமா? எல்லோருடைய பிள்ளைகளும் போன வழி போனதுதானே? அங்கம்மா மட்டும் ஏசவில்லை. அந்த ஒரு கைப்பிடி விதையை ஒச்சாயியிடமிருந்து வாங்கிச் சட்டிகளில் ஊன்றினாள். இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஊர்ப்பெண்களைக் கூப்பிட்டு வாசலில் வட்டமாக நிறுத்தினாள்.

"கும்மி கொட்டுங்க. சத்தமாப் பாடுங்க. ஒம்பது நாளும் விடாதீங்க."

"எதுக்குடி?" என்று கேட்டார்கள்.

அங்கம்மா மூடிய கதவைப் பார்த்தாள். வட்டத்துக்கு வெளியே தனியாக நின்ற ஒச்சாயியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள இருந்து நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நம்ம காதுல விழக் கூடாதுல்ல?" என்றாள்.

அன்று முதல்தான் திருவிழாவுக்கு வளர்க்கிற முளைப்பாரிச் சட்டிகளை இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அன்று முதல்தான் வெளியே நின்று கை வலிக்க வலிக்கக் கும்மி கொட்டுகிறார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால், பிள்ளைகளே, உங்கள் வகுப்பு ஜன்னலோரம் ஒரு சட்டியில் மொச்சையை ஊன்றிப் பாருங்கள். தோண்ட மட்டும் தோண்டாதீர்கள். சில நாளில் கழுத்து மட்டும் வளைந்து வெளியே வரும். தலை மண்ணுக்குள்ளேயே இருக்கும். அப்போது கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அன்று பார்த்தது தன் அம்மா இல்லை என்று இன்னும் அது நம்பிக்கொண்டிருக்கிறது.